பத்து மணிக்குக் கை போகும் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டு ஃப்ரிட்ஜில் ஆப்பிள் இருக்கிறது, காரட் இருக்கிறது. எது உடம்புக்கு நல்லது என்று பிறருக்கு வகுப்பெடுக்கும் அளவுக்கு எனக்குத் தெரியும். ஆனால் வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிக்குக் கை தானாகச் சிப்ஸ் பாக்கெட்டுக்குத்தான் போகிறது. அது காலியான பிறகுதான் சுயநினைவே வருகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்கிறார் கணவர். அப்படித்தானா?
எம்.

அன்புள்ள எம்,

இல்லை. சரி, அவர் சொல்வதும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அது சின்னப் பங்குதான்.

ருசிக்கு அடிமையாகிவிட்டோம் என்று பொதுவாகச் சொல்கிறோம். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஒரு மாதம் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் காய், பழம், தானியம் என்று சமைத்த உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டியதைச் சாப்பிடுங்கள், போதுமென்றால் நிறுத்துங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆலை உணவு கிடைத்த நாட்களில் ஆளுக்குத் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. வேடிக்கை என்னவென்றால், எது ருசி என்று கேட்டபோது இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள்!

அப்புறம் எப்படி? ஆலை உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். முழுக் காரணமும் இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் கடிதம் வந்த அன்று இதை நானே சோதித்தேன். ஒரு சிப்ஸ் பல்லில் பட்டதும் நொறுங்கியது, ஏழெட்டு மெல்லலில் காணாமல் போனது. உப்பும் எண்ணெயும் மட்டும் நாக்கில் மிச்சம். அதே அளவு காரட் துண்டு முப்பதைத் தாண்டியும் வாய்க்குள் கிடந்தது, தாடை வலித்தது. போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து மேலே வரக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் பாக்கெட் முடிந்துவிடுகிறது. உங்களுக்குச் சுயநினைவு தாமதமாக வருவது இதனால்தான்.



இன்னொன்று, உழைப்பு. உங்கள் காரட்டைக் கழுவி, தோல் சீவி, நறுக்கி, பிறகு கத்தியையும் கழுவி வைக்க வேண்டும். பாக்கெட்டை ஓரத்தில் கிழித்தால் போதும். காலையில் நீங்கள் வாங்கி வைத்த ஆப்பிள், காலையில் இருந்த எம்முக்காக வாங்கியது. பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர் வேறு ஆள், நாள் முழுக்க உழைத்துக் களைத்தவர். அவரிடம் போய் சத்துணவுப் பாடம் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கணவரால் முடிந்தால் அந்தக் காரட்டை நறுக்கி வைக்கட்டும்.

நான் இப்போது பாக்கெட்டோடு உட்காருவதில்லை. கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு, பாக்கெட்டை அடுப்படியிலேயே விட்டு வருகிறேன். பாதி நாள் மறுபடி எழுந்து போகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். வேலை இருக்கிறது, சிப்ஸ் இருக்கிறது, பத்து மணி இருக்கிறது. இரவுச் சாப்பாட்டை மட்டும் காணோம். அதை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?