டுவார்ஃப் குராமி (தொட்டியில் வளர்க்கும் சிறு மீன்): கேட்டவற்றுக்குப் பதில்கள்

தாம்பரம் நண்பர்: என் குராமி அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குகிறது. ஆக்சிஜன் குறைவா?

இல்லை, அது அதன் இயல்பு. செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்று மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. விழுங்கும் காற்றிலிருந்து அங்கேதான் ஆக்சிஜன் ரத்தத்தில் சேரும். கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளில் செடி மண்டிய, ஓட்டமில்லாத நீரில் பிழைக்க இது வேண்டும். மேலே வர வழியில்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி விடுங்கள்.

கோவை நண்பர்: காற்றைச் சுவாசிக்கும் மீனுக்குக் கண்ணாடிக் கிண்ணம் போதும்தானே?

போதாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளை அரிக்கும். லேபிரிந்த் அதைத் தடுக்காது. ஒரு ஜோடிக்கு 50 லிட்டராவது வேண்டும், ஃபில்டரும் வேண்டும்.

சேலம் நண்பர்: வாங்கிய சில நாளில் நிறம் மங்கி, வயிறு வீங்கி, உடம்பில் புண் வந்து செத்தது. என்ன மருந்து?

இது மீன்களைத் தாக்கும் இரிடோவைரஸ் என்ற வைரஸாக இருக்கலாம். அப்படியானால் மருந்து கிடையாது. பண்ணையில் நெருக்கி வளர்த்து, நாடு விட்டு நாடு அனுப்பும்போது பரவுகிறது. 2003இல் ஆஸ்திரேலியாவில் மர்ரே காட் மீன்கள் பண்ணையில் கூட்டமாகச் செத்தன. அந்த வைரஸ் குராமியில் இருப்பதோடு ஏறக்குறைய ஒன்றே என்று ஆய்வில் தெரிந்தது. கடையில் அதே தொட்டியில் ஒரு மீன் சோர்ந்து கிடந்தாலும் வாங்காதீர்கள். வாங்கியதை நான்கு வாரம் தனித்தொட்டியில் வையுங்கள், வலையும் தனி.

திருச்சி நண்பர்: மருந்து இல்லை என்பது தவறு. டெட்ராசைக்ளின் போட்டேன், என் மீன் பிழைத்தது.

பிழைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் டெட்ராசைக்ளின் பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸை அல்ல. புண்ணும் வீக்கமும் பாக்டீரியாவாலும் வரும். உங்கள் மீனுக்கு வந்தது அதுவாகவே இருந்திருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்தால்தான் தெரியும். ஒரு மீன் பிழைத்ததை வைத்து எல்லோருக்கும் மருந்து சொல்லாதீர்கள். ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அந்த மருந்தில் சாகலாம். பிறகு அம்மோனியா ஏறி, நன்றாக இருந்த மீனும் போகும்.

மதுரை நண்பர்: முன்னெச்சரிக்கையாக நானும் டெட்ராசைக்ளின் போடலாமா?

கூடாது. திருச்சிக்காரருக்குச் சொன்னதை முழுக்கப் படியுங்கள்.

நாகர்கோவில் நண்பர்: ஆண் எது, பெண் எது? குஞ்சு பொரிக்க வைக்க ஆசை.

செம்மஞ்சளில் நீலக் கோடு போட்டது ஆண், வெள்ளி நிறம் பெண். ஆண் நுரைக்கூடு கட்டும். அதில் செடித் துணுக்குகளையும் சேர்த்துப் பின்னும். பார்த்தால் அலுக்கவே அலுக்காது! மிதக்கும் செடி நிறையப் போடுங்கள், ஃபில்டர் ஓட்டத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் கூடு கலைந்துவிடும். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிடுங்கள். காவல் காக்கும் ஆண் அதை அடித்தே கொல்லும். முட்டை ஓரிரு நாளில் பொரியும். குஞ்சு தானாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுங்கள். அவை மிகப் பொடி, முதலில் இன்ஃபுசோரியா என்ற, தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களைத்தான் தின்னும். லேபிரிந்த் வளரும் வாரங்களில் மூடியைத் திறந்து போடாதீர்கள், குளிர்காற்று ஆகாது.

ஈரோடு நண்பர்: கிண்ணத்தில் வளர்க்கலாமா?

கோவைக்காரருக்குச் சொன்னதே.

வேலூர் நண்பர்: முதல்முறை வளர்க்கிறேன். இரண்டு ஆண் வாங்கலாமா?

சின்னத் தொட்டியில் இரண்டு ஆண் வேண்டாம், ஒன்று மற்றதை ஓயாமல் துரத்தும். உண்மையில் உங்களுக்கு ஹனி குராமியைச் சொல்வேன். அதுவும் வடகிழக்கு இந்தியா, வங்கதேசத்து மீன்தான், இன்னும் சாது. ஆனால் அதையும் நான்கு வாரம் தனியே வைத்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.