நம்பர் நிஜம், கதை பொய்: வாசகர் கேள்விகள்

கோவிட்டில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் தடுப்பூசி போட்டவர்கள் என்று சில நாடுகளின் அரசுக் கணக்கே சொன்னதாமே?

சொல்லும், ஊரில் கிட்டத்தட்ட எல்லோருமே ஊசி போட்டுவிட்டால் அப்படித்தான் வரும். சும்மா ஒரு கணக்கு: ஆயிரம் பேரில் 950 பேர் ஊசி போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் 19 பேர், போடாதவர்களில் 5 பேர் அட்மிட் ஆகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். '24 பேரில் 19 பேர் ஊசி போட்டவர்கள்!' என்று வாட்ஸ்அப்பில் படம் கிளம்பிவிடும். ஆனால் 950க்கு 19 என்றால் 2 சதவீதம், 50க்கு 5 என்றால் 10 சதவீதம், அதாவது போடாதவருக்குத்தான் ஐந்து மடங்கு ஆபத்து. மொத்தம் எத்தனை பேரில் என்பதை மட்டும் அந்தப் படத்தில் போடவே மாட்டார்கள். போட்டால் கதை அங்கேயே படுத்துவிடுமே.

தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளைப் பதியும் அமெரிக்காவின் வேயர்ஸ் (VAERS) பதிவேட்டில் ஆயிரக்கணக்கான மரணங்கள் இருக்கின்றன. அதையும் மறுப்பீர்களா?

பதிவு இருப்பதை யார் மறுத்தார்கள்? 1990 முதல் இருக்கும் அந்தப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஊசிக்குப் பிறகு நடந்தது எதுவானாலும். ஃப்ளூ ஊசி போட்டதும் பச்சை ஹல்க் ஆகிவிட்டேன் என்று ஒரு மயக்க மருந்து டாக்டர் வேண்டுமென்றே எழுதிப் பார்த்தார், அதுவும் ஏறியது! (அப்புறம் அவரிடமே கேட்டு நீக்கினார்கள்.) அதற்காகப் பதிவேடு வீண் என்று சொல்லவில்லை. வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டாவைரஸுக்கான தடுப்பு மருந்து ஒன்றால் குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கொள்கிறதோ என்ற சந்தேகம் அங்கே வந்த பதிவுகளால்தான் எழுந்தது, தனியாக ஆராய்ந்து உறுதி செய்தார்கள், 1999ல் அந்த மருந்தும் வாபஸ் ஆனது. சந்தேகத்தைக் கிளப்பத்தான் அந்தப் பதிவேடு, தீர்ப்பு சொல்ல இல்லை.

1998க்குப் பிறகு பூமி சூடாகவில்லை என்று ஒரு வரைபடம் காட்டினார்கள்...

1998ல் கடுமையான எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி உலக வெப்பநிலையையே கொஞ்ச காலம் ஏற்றிவிடும் நிகழ்வு. அந்த உச்சியில் கோட்டைத் தொடங்கினால் அடுத்த சில வருடங்கள் சமதரையாகத்தான் தெரியும். 1970லிருந்து போடச் சொல்லுங்கள். இப்போது அந்தப் படமே கண்ணில் படுவதில்லை, 2016, 2023, 2024 எல்லாம் 1998ஐத் தாண்டிப் போய்விட்டன.

'சரிவை மறைப்போம்' என்று காலநிலை விஞ்ஞானிகளே மின்னஞ்சல் எழுதினார்களே?

1999ல் எழுதியது, 2009ல் ஹேக் ஆகி வெளியே வந்தது. சரிந்தது வெப்பநிலை இல்லை, சார். தெர்மாமீட்டர் இல்லாத காலத்து வெப்பநிலையை மர வளையங்களை வைத்துத்தான் கணிப்பார்கள். 1960க்குப் பிறகு வடக்கே சில மரங்களின் வளையங்கள் தெர்மாமீட்டரோடு ஒத்துப்போகவில்லை, அதைத்தான் சரிவு என்றார்கள். ஒரு அறிக்கையின் அட்டைப்படத்துக்கான வரைபடத்தில் இதை விளக்காமல் விட்டது தப்புதான், விசாரணைக் குழுவே அதைக் கண்டித்தது. தரவைத் திரித்ததாக மட்டும் எந்த விசாரணையிலும் வரவில்லை.