ஊதச் சொன்ன பிள்ளை

அன்புள்ள அக்கா,

வரட்சிக் காலத்தில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குள்ளிருந்து தலைகாட்டும் பழைய மஸ்கெலியா கோவிலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். ஒரு பையன் சேற்றில் வழுக்கி ஆழத்துக்குள் போய்விட்டான். கத்தவே இல்லை. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்தான் இழுத்துப் போட்டார். கூடியவர்கள் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினார்கள், வயிற்றை அமுக்கினார்கள். படிக்காத சனம், என்ன செய்வது? “வாயில ஊதுங்க” என்று ஒரு மாணவி கத்த, “பொம்பளப் புள்ள, பேசாம இரு” என்று யாரோ அதட்டினார். நல்ல காலம், பையன் இருமி எழுந்துவிட்டான். மூழ்கிய கோவில் வருஷம் ஒரு காவு கேட்கும் என்கிறார்கள் பெரியவர்கள். அதை நீங்கள் ஏன் எழுதவில்லை? இனி அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? அதிபர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

ஓர் ஆசிரியர், மஸ்கெலியா

(கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் முழுக் கடிதத்தில் காவுக்கு ஒன்றரைப் பக்கம், அந்தப் பெண்பிள்ளைக்கு ஒன்றரை வரி. நான் சண்டை போடப்போவது அதற்காகத்தான்.

அதற்கு முன், பையனை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா? எழுதவில்லையே. தண்ணீர் உள்ளே போன பிள்ளை இருமி எழுந்து, சிரித்து, ரொட்டி சாப்பிட்ட பிறகும் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறலாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும், காசு கேட்க மாட்டார்கள். பையன் கத்தவில்லை என்று ஆச்சரியப்படுகிறீர்கள். மூச்சுக்கே வாய் போதாதவன் எங்கே கத்துவான்? கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டே மூழ்குவதெல்லாம் சினிமாவில்தான்.

காவு. அந்தச் சாமி, மின்சாரத்துக்காகத் தன் கோவிலையும் ஊரையும் தண்ணீருக்குள் விட்டபோதே வாய் திறக்கவில்லை. உங்கள் வகுப்புப் பையனைக் கேட்டு என்ன செய்யப்போகிறது? விடுங்கள்.

‘படிக்காத சனம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் விட முடியாது. படித்த சனம் என்ன செய்தது தெரியுமா? ஐரோப்பாவில் மூழ்கியவனைப் பீப்பாய் மேல் போட்டு உருட்டினார்கள். காலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். குதிரை மேல் குப்புறப் போட்டு ஓட்டினார்கள். 1767இல், நம் கரையோரம் ஒல்லாந்தர் கையிலும் மலைநாடு கீர்த்தி ஶ்ரீ ராஜசிங்கன் கையிலும் இருந்த காலம், ஆம்ஸ்டர்டாமில் நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்ற என்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கால்வாய்களால் ஆன ஊர், விழுந்து சாகிறவர்கள் ஏராளம். உடம்பைச் சூடாக்கு, வாயில் ஊது என்றெல்லாம் சொன்ன அந்தச் சங்கம் இன்னொன்றையும் சொன்னது: ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகை ஏற்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1774இல் லண்டனில் ஹாவெஸ், கோகன் என்ற இரண்டு டொக்டர்கள் அதே மாதிரி ஒரு சங்கம் தொடங்கினார்கள். தேம்ஸ் நதியோரம் புகையேற்றும் கருவியைப் பெட்டியில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். புகையிலையில் இருப்பது இருதயத்தைப் பிடிக்கும் விஷம் என்று 1811இல் பிரோடி என்பவர் காட்டிய பிறகுதான் அந்த வைத்தியத்தின் மவுசு குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் நல்லவர்கள். காப்பாற்ற முயன்றவனுக்குச் சன்மானம் கொடுத்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதியும் வைத்தார்கள். நாம் எழுதி வைப்பதில்லை. காவு என்று முடித்துவிடுகிறோம்.

ஆனால் எனக்குத் தீராத ஆத்திரம் புகையிலை மேல் இல்லை. வாயில் ஊதினால் உயிர் வரும் என்பது அவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். 1732இல் ஸ்கொட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் மூச்சடங்கிக் கிடந்த ஒரு தொழிலாளியை டொசக் என்ற வைத்தியர் வாயில் வாய் வைத்து ஊதி எழுப்பினார். 1740இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகமே அதைப் பரிந்துரைத்தது. மருத்துவச்சிகளோ, பிறந்து அழாத பிள்ளைக்கு அதை வெகுகாலமாகச் செய்துவந்தார்கள். அப்புறம் என்ன ஆனது? படித்தவர்களுக்கு அருவருப்பு வந்தது. முன்பின் தெரியாதவன் வாயில் வாய் வைப்பதா, அது பாமரர் வேலை என்று துருத்தியைக் கொண்டுவந்தார்கள். ஒட்சிசனைக் கண்டுபிடித்ததும் இன்னும் வசதியாகப் போயிற்று: நாம் வெளியே விடுவது கெட்ட காற்று, அதை ஊதி என்ன பயன் என்றார்கள். பிறகு நூறு வருஷம் கையைத் தூக்கி இறக்குவது, முதுகை அமுக்குவது. 1858இல் சில்வெஸ்டர் முறை, 1903இல் ஷேஃபர் முறை, 1932இல் ஹோல்கர் நீல்சன் முறை. 1950களில்தான் ஈலம், சஃபார் என்ற இரண்டு அமெரிக்க டொக்டர்கள் திரும்பப் பழைய இடத்துக்கு வந்தார்கள். தானாக மூச்சு விடாதபடி மருந்தால் தசைகளைச் செயலிழக்கவைத்த ஆட்களை, அவர்கள் சம்மதத்தோடுதான், படுக்கவைத்துச் சோதித்தபோது, முதுகை அமுக்கும் முறைகளில் உள்ளே போகும் காற்று மிகச் சொற்பம் என்று தெரிந்தது. நாம் இழுக்கும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம், விடும் காற்றில் 16 வீதம். அந்தப் பதினாறு போதும், தம்பி. கெட்ட காற்று இல்லை அது. கூச்சத்துக்கு விஞ்ஞானப் பெயர் வைத்து இருநூறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மருத்துவச்சியம்மா இருந்தார். காசல்ரீ அணை கட்டிச் சில வருஷங்கள் ஆன காலம், நான் சின்னப் பிள்ளை. கங்காணி வீட்டுப் பையன் கெஹெல்கமு ஓயாவில் குளிக்கப் போய் இழுபட்டுவிட்டான். தூக்கிக் கரையில் போட்டு ஆம்பிளைகள் வயிற்றை அமுக்குகிறார்கள், ஒருவர் தலைமேல் போட்டுச் சுற்ற வேண்டும் என்கிறார், ஒருவர் உப்பு மூட்டை கேட்கிறார். மருத்துவச்சியம்மா அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். ஒரு விரலை விட்டுச் சக்கையை வழித்து எறிந்தார். முந்தானையால் உதட்டைத் துடைத்தார். பையனின் நாடியைத் தூக்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினார். அவன் நெஞ்சு எழும்பி இறங்கியது. பிறகும் ஊதினார். நிறைய நேரம் போலிருந்தது. அவன் வாந்தி எடுத்து அழுதபோது உதடெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று அவன் அம்மா அலற, வெற்றிலைச் சாறுடி என்றார் இவர்.

அன்று பின்னேரமே பையனின் அப்பாயி மஞ்சள் தண்ணீரால் அவன் வாயைக் கழுவிவிட்டார். மருத்துவச்சியம்மா வேறு ஆட்கள், அதுதான் காரணம். அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வெளியே எடுத்த கை அவருடையது, அந்தக் கைக்குத் தீட்டில்லை. வாய்க்குத் தீட்டு.

உங்கள் மாணவியைப் பேசாமல் இரு என்று அதட்டியவரும் அதே சேற்றில்தான் நிற்கிறார். அவருக்கு ஊதத் தெரியாதது பெரிய குற்றமில்லை. ஊது என்று சொன்ன வாய் பெண்பிள்ளையின் வாய், ஊத வேண்டிய வாய் யாருடையதோ. அதில் ஓர் அசிங்கம் அவருக்கு. 2020இல் பெரம்பலூர்ப் பக்கம் கொட்டரை அணையில் இளைஞர்கள் மூழ்கியபோது மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள். மற்ற இருவரை எட்ட முடியவில்லை. அந்தப் பெண்கள் மானம் போகுமே என்று நின்றிருந்தால் அந்த இரண்டு பேரும் இல்லை.

பையன் எழுந்தது தலைகீழாகத் தூக்கியதால் என்று ஊரில் கதை நிலைத்துவிடும், அதனால் திரும்பவும் சொல்கிறேன். அவனுக்கு மூச்சு நிற்கவில்லை, நின்றிருந்தால் அந்த உலுக்கலில் செத்திருப்பான். நுரையீரலுக்குள் போகும் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம்தான், அது கொட்டி வருவதுமில்லை. வயிற்றை அமுக்கும்போது வருவது வயிற்றில் இருந்தது, அதுதான் மூச்சுக்குழலில் போய் அடைக்கும். மூழ்கியவனுக்கு இல்லாதது காற்று. அதைக் கொடுப்பதுதான் முதல் வேலை. மூச்சில்லையென்றால் மல்லாக்கப் போட்டு, நாடியைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, நெஞ்சு எழும்பும்படி ஐந்து தரம் ஊத வேண்டும். அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊது, வண்டி வரும்வரை. இப்போது பயிற்சிகளில் ஊதாமல் அமுக்கினால் போதும் என்று சொல்லிக் கொடுக்கிறார்களாம். அது திடீரென்று மாரடைத்து விழுகிறவர்களுக்கு. தண்ணீரில் கிடந்தவனுக்கு ஊதாமல் தீராது. வாந்தி வரும், ஒருக்களித்துப் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி ஊதுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும்.

அந்தப் பிள்ளை இதை எங்கே கற்றாள் என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். காலைக் கூட்டத்தில் அவளை மேடையில் ஏற்றுங்கள். அமுக்கிக் காட்ட ஒரு தலையணை போதும். ஆசிரியர்கள் முன்வரிசையில் உட்காருங்கள்.

அப்புறம், என்ன கேட்டீர்கள்? கோவில். போங்கள், ஏன் போகக்கூடாது? பழைய மஸ்கெலியா நம் ஊர். வற்றிய தேக்கத்தின் ஓரச் சேறு மேலே காய்ந்த மாதிரி தெரியும், கீழே கால் வாங்கும். அதனால் தண்ணீருக்குக் கிட்டப் போக விடாதீர்கள். நீளமான கயிறு ஒன்று, மூடி இறுகிய காலி கேன் இரண்டு கொண்டுபோங்கள். யாராவது விழுந்தால் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். வீரம் காட்டி நீங்கள் குதிக்க வேண்டாம், உங்களுக்கு நீச்சல் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிபரிடம் இந்தப் பதிலைக் காட்டாதீர்கள். அவருக்கும் எனக்கும் ஆகாது, கிடைக்கிற கையெழுத்தும் கிடைக்காமல் போகும்.

அன்புடன்,
அக்கா