கறுப்புப் பட்டைக்குப் பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கொரியாவில் இருந்த வருடங்களைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் டேக்வாண்டோ வகுப்பு எங்காவது வந்துவிடுகிறது. அதனால்தான் இதை உங்களிடம் கேட்கிறேன்.

என் மகளுக்குப் பதினொரு வயது. இரண்டரை வருடமாக டேக்வாண்டோ போகிறாள். போன மாதம் பிளாக் பெல்ட் தேர்வில் தேறினாள். வந்த பெல்ட் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. அடுத்த வாரமே, "பிளாக் பெல்ட் வாங்கியாச்சும்மா, இனிமே எதுக்குப் போகணும்?" என்று பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

என் கொழுந்தனார், "இரண்டு வருடத்தில் கொடுப்பதெல்லாம் ஒரு பெல்ட்டா? அந்தக் காலத்தில் வெள்ளைப் பெல்ட்டைத் துவைக்காமல் வருடக்கணக்கில் கட்டி, அழுக்கேறித்தான் கறுப்பாகும்" என்கிறார். என் அப்பாவோ, பிளாக் பெல்ட் வாங்கியவர்கள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டுப் பயப்படுகிறார். இவ்வளவு நாள் ஃபீஸ் கட்டி, அலைந்து, கடைசியில் வாங்கியது என்ன என்று எனக்கே புரியவில்லை. அவளைத் திரும்ப அனுப்பட்டுமா, விட்டுவிடட்டுமா?

ம., ஈரோடு

*

அன்புள்ள ம.,

முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. பதினொரு வயதில், அறிமுகமில்லாதவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து பார்க்க, நடுவில் தனியாக நின்று பூம்சே, அதாவது தடுப்பும் குத்தும் உதையும் வரிசையாகக் கோத்த அசைவுத் தொகுப்பு, செய்து காட்டுவது சின்ன விஷயம் இல்லை.

வீட்டில் இரண்டு பேருக்கு வந்த சந்தேகத்தை முடித்துவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன். போலீஸ் பதிவு என்று எதுவும் இல்லை. அப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். கொரியாவில் கட்டாய ராணுவ சேவைக்குப் போன எத்தனையோ இளைஞர்கள் முதல் டான், அதாவது கறுப்புப் பட்டையின் முதல் படி, வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் எப்போதும் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் மனிதர் ஒருவர், "நானும்தான் வாங்கினேன், ராணுவத்தில்" என்று சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னார்.

அழுக்கேறிக் கறுத்த பெல்ட் கதையை நானும் நம்பியிருந்தேன். அதில் உண்மை இல்லை. டான் என்ற படிநிலையையும் கறுப்புப் பட்டையையும் சண்டைக் கலைக்குள் கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கிய ஜப்பானியர் ஜிகோரோ கானோ. 1882இல் தன் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து, டான் வாங்கியவர்களை அடையாளம் காணக் கறுப்பு இடைக்கச்சு வந்தது. அது சாயம் போட்ட துணிதான். உண்மையில் நடப்பது நேர்மாறானது. பல வருடம் கட்டினால் முடிச்சு விழும் இடத்தில் கறுப்பு நூல் தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் துணி தெரிய ஆரம்பிக்கும். எங்கள் மாஸ்டரின் பெல்ட் அப்படித்தான் இருந்தது.

இனி 'டான்' என்ற சொல்லுக்கு வருவோம். உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. கானோ இதை எடுத்தது கோ என்ற பலகை விளையாட்டிலிருந்து. கொரியாவில் அதற்குப் படுக் என்று பெயர். 2016இல் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் தென்கொரியத் தலைநகர் சோலில் லீ செடோல் என்ற கொரிய ஆட்டக்காரரை 4–1 என்று வென்றது நினைவிருக்கும். அவர் 9 டான். இந்த விளையாட்டைத் தொழிலாக ஆட உரிமை பெற்று உள்ளே நுழைபவர் 1 டான். அங்கே அதை யாரும் 'முதலிடம்' என்று புரிந்துகொள்வதில்லை, உள்ளே வந்துவிட்டார் என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். டேக்வாண்டோவிலும் முதல் டானுக்குக் கொரியர்கள் பேச்சில் சொல்வது 'சோடான்'. அந்த 'சோ' என்றால் ஆரம்பம். தொடக்கப் பள்ளிக்கு அவர்கள் சொல்லும் பெயரிலும் அதே 'சோ' இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாக 'பிளாக் பெல்ட்' என்று நம்மிடம் வந்து சேர்ந்தபோது இந்த 'ஆரம்பம்' மட்டும் எங்கோ விழுந்துவிட்டது.

வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் குப் என்ற கீழ்ப்படிகள். அவை எண்ணில் இறங்கிக்கொண்டே வரும்: பத்து, ஒன்பது, எட்டு என்று ஒன்று வரை. டான் வந்ததும் எண்ணிக்கை திரும்பி ஏற ஆரம்பிக்கிறது. சோலில் கங்நாம் பகுதியில் 1972இல் கட்டப்பட்ட குக்கிவோன்தான் டான் சான்றிதழ் கொடுக்கும் தலைமை இடம். அதன் விதிப்படி 1இலிருந்து 2ஆம் டானுக்குக் குறைந்தது 1 ஆண்டு இடைவெளி வேண்டும். 2இலிருந்து 3க்கு 2 ஆண்டு, 3இலிருந்து 4க்கு 3 ஆண்டு, இப்படியே நீண்டு, 8இலிருந்து 9க்குப் போக 9 ஆண்டு. மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள், முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் வரும். அவ்வளவு நீளமான பாதையின் வாசலில் உங்கள் மகள் நிற்கிறாள்.

பாதி சிவப்பு, பாதி கறுப்பு பெல்ட்டைப் பார்த்து ஏமாற்றம் வேண்டாம். பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டான் கிடையாது, பூம் என்ற படிதான். செய்ய வேண்டியது ஒன்றுதான், பெயர் வேறு. பதினைந்து வயது ஆனபின் அதை டானாக மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு வருடம் போதுமா என்கிறார் உங்கள் கொழுந்தனார். கொரியாவில் அதைவிடக் குறைவான காலத்திலேயே பிள்ளைகள் வாங்குகிறார்கள். நான் இருந்த தேஜான் நகரத்தில் மதியம் பள்ளி விட்டதும் வாசலில் மஞ்சள் வேன்கள் நிற்கும். பாதி வேன்கள் டேக்வாண்டோ வகுப்புடையவை. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளை மாஸ்டரே வேன் ஓட்டி வந்து ஏற்றிக்கொண்டு போவார். ஸ்கிப்பிங், ஓட்டம், டேக்வாண்டோ, அப்புறம் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது. வாரம் ஐந்து நாளும் இது நடக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு ஓராண்டு, கொஞ்சம் கூட ஆகலாம், பூம் பெல்ட் வந்துவிடும். அதற்காக யாரும் அதை மட்டமாக நினைப்பதில்லை. ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தால் எப்படிச் சந்தோஷப்படுவோமோ அப்படிச் சந்தோஷப்படுவார்கள். அதற்கு மேல் அதை ஏற்றிப் பேசுவதும் இல்லை.

காலம் குறைவாக இருப்பதை நான் குற்றமாக நினைக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது, "இத்தனை மாதத்தில் கறுப்புப் பட்டை நிச்சயம்" என்று முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு விற்கும்போதுதான். அப்படி ஒரு இடத்தில் என் உறவுக்காரப் பையனைச் சேர்த்திருந்தார்கள். பட்டை வந்தது. முதல் பூம்சேயைச் செய்து காட்டச் சொன்னேன், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பிள்ளைக்குச் செய்தது அநியாயம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. இரவு எட்டு மணி வகுப்பு. ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடி, கீழே கோழி வறுவல் கடை. பதினாலு மாதம் ஆன பிறகும் மாஸ்டர் என்னைத் தேர்வுக்கு அனுப்பவில்லை. என்னோடு சேர்ந்த பிள்ளைகள் போய் வந்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரன் என்பதால்தான் தள்ளிப்போடுகிறார் என்று மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "தெகுக் இல்-ஜாங்" என்றார். அதுதான் முதல் பூம்சே, வெள்ளைப் பெல்ட் கட்டியவனுக்குச் சொல்லிக்கொடுப்பது. செய்தேன். மறுபடி என்றார். செய்தேன்.

அதில் முதல் அசைவு இடது பக்கம் திரும்பி, ஒரு நடை தூரத்தில் காலை வைத்து, இடது கையால் கீழே தடுப்பது. தடுக்கும் கை எதிர்த் தோளருகே தொடங்கி, குறுக்காக இறங்கி, தொடைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். என் தடுக்கும் கை சரியாகத்தான் இருந்தது. பதினாலு மாதமும் அந்தக் கையைத்தான் கவனித்திருந்தேன். மாஸ்டர் பார்த்தது மற்ற கையை. அது அதே கணத்தில் இடுப்புக்கு இழுபட்டு வந்து, முஷ்டி மேல்நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். என்னுடையது அரை நொடி தாமதமாக, தளர்ந்து வந்துகொண்டிருந்தது. அந்தக் கை இழுபடும்போதுதான் இடுப்பு திரும்புகிறது, இடுப்பு திரும்பும்போதுதான் தடுக்கும் கைக்கு வலு வருகிறது. அவர் என் முஷ்டியைப் பிடித்து இடுப்பில் வைத்து அழுத்தினார். ஒரு மாதம் இதை மட்டும் செய்தோம். அதற்குப் பிறகு என்னைத் தேர்வுக்கு அனுப்பினார்.

பெரிய உள்ளரங்கம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நடுவே பெரியவர்கள் நாலைந்து பேர். இரண்டு பூம்சே, ஒரு சண்டை, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

தேர்வைவிட எனக்கு ஆழமாகப் பதிந்தது அதற்கு அடுத்த வகுப்பு. கொரியாவில் வகுப்பு தொடங்கும்போது படிநிலைப்படி வரிசையில் நிற்க வேண்டும். அதுவரை நான் வண்ணப் பட்டைக்காரர்களில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தேன். புதுப் பட்டை கட்டி வந்த அன்று, கறுப்புப் பட்டை வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்களில் பத்து வயதுப் பையனும் ஒருவன், இரண்டாம் பூம். புதுப் பட்டை விறைப்பாக இருந்தது, முடிச்சு நிற்கவில்லை, இரண்டு முனையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பையன் திரும்பிப் பார்த்தான். "சம்ச்சோன்" என்று கூப்பிட்டான். சித்தப்பா என்று அர்த்தம். என் பட்டையை அவிழ்த்து, இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கி முறுக்கி நெகிழ்த்திவிட்டு, திரும்பக் கட்டிவிட்டான். முடிச்சு நின்றது.

கொரியக் கலைகளிலேயே ஒரு பள்ளி இந்தப் பட்டையின் நிறத்தையே மாற்றியிருக்கிறது. 1945இல் ஹ்வாங் கீ என்பவர் சோலில் தொடங்கிய மூ டுக் க்வான். அவர்கள் டான் பெற்றவர்களுக்குக் கறுப்பு கொடுப்பதில்லை, நள்ளிரவு வானம் போன்ற கருநீலம்தான். கறுப்பு என்றால் முழுமை, அதற்கு மேல் வேறு நிறம் ஏறாது, மனிதனுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது என்பது அவருடைய பார்வை. ஈரோட்டுக்காரர் உங்களுக்குச் சாயத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கருநீலத்தை இன்னும் கறுப்பாக்கலாம், கறுப்பை என்ன செய்வது? எனக்கு இது ரொம்பப் பிடித்த முடிவு. எல்லாப் பள்ளிகளும் இதைப் பின்பற்றியிருந்தால் உங்கள் மகள் "வாங்கியாச்சு" என்று சொல்லியிருக்கமாட்டாளோ என்னவோ.

தற்காப்புக்கு உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். போட்டிச் சண்டையில் முகத்தில் குத்தக் கூடாது, பெரும்பாலும் கால்தான். அதனால் தெருச் சண்டைக்கு அவள் தயார் என்று நினைத்துவிடாதீர்கள், அவளையும் நினைக்க விடாதீர்கள். ஆனால் எதிரில் இருப்பவருக்கும் தனக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க அவளுக்குத் தெரியும். ஒருவர் அசையப் போகிறார் என்பது தோளைப் பார்த்ததுமே தெரியும். அடி பட்டாலும் அழாமல் நிமிர்ந்து நிற்கத் தெரியும். இரண்டரை வருடத்தில் நீங்கள் கட்டிய ஃபீஸுக்கு இவையெல்லாம் கிடைத்திருக்கின்றன.

சரி, அனுப்புவதா விடுவதா? வற்புறுத்தி அனுப்பாதீர்கள். உடனே விட்டும்விடாதீர்கள். பரணில் இருக்கும் பையை இறக்கி, ஒரே ஒரு மாதம் போகச் சொல்லுங்கள். கறுப்புப் பட்டை வாங்கிய பிறகுதான் கற்றுக்கொடுக்கும் பூம்சே ஒன்று இருக்கிறது, பெயர் கொர்யோ. 918 முதல் 1392 வரை அந்த நாட்டை ஆண்ட அரசின் பெயர். கொரியா என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அதில் கால் நகரும் வழியைத் தரையில் வரைந்தால் கல்விமானைக் குறிக்கும் சீன எழுத்து வரும். அதைத் தொடங்கி வைக்கச் சொல்லி அவளுடைய மாஸ்டரிடம் கேளுங்கள்.

அதுவரை கற்ற எட்டுப் பூம்சேக்களிலும் இல்லாத ஒன்று இதன் தொடக்கத்திலேயே வரும். பக்கவாட்டு உதை, முதலில் முழங்கால் உயரத்தில், அடுத்தது அதே காலால் முக உயரத்தில். இரண்டுக்கும் நடுவில் கால் தரையில் படக் கூடாது. வாசலில் நின்று பாருங்கள். முதல் வாரம் அவளுக்குக் கால் பட்டுவிடும். எனக்கு மூன்று மாதம் பட்டது.

அன்புடன்.