நவம்பர் கடலில் கறுப்புப் புள்ளிகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நவம்பர் நடுவில் ஒரு காலை, பாஸ்டனுக்கு வடக்கே ராக்போர்ட் கடற்கரைக்குக் கடல் வாத்து பார்க்கப் போனோம். கையில் 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர். கறுப்புப் புள்ளிகளைத் தவிர எதுவும் தெரியவில்லையே? (வாசகர், பர்லிங்டன்)

பதில்: பைனாகுலரில் குறையில்லை, போன நேரம்தான் சரியில்லை. ராக்போர்ட் கரை கிழக்கு பார்த்தது. காலையில் சூரியன் முகத்துக்கு நேரே நிற்பதால் எந்தப் பறவையும் வெறும் நிழலாகத்தான் தெரியும். உச்சிக்கு மேல் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் வந்துவிடும். நவம்பர் கடைசியில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஆகவே 1 மணி முதல் 3 மணி வரை கரையில் இருங்கள். பாஸ்டனுக்குத் தென்கிழக்கே, கேப் காட் தீபகற்பத்தின் விரிகுடாவில் உள்ள ஈஸ்ட்ஹாம் கரை மேற்கு பார்த்தது. அங்கே காலைதான் நல்லது.

இந்த வாத்துகள் முக்குளித்து இரை தேடுபவை. ஒரு கூட்டம் சேர்ந்தாற்போல் மூழ்கினால் கடல் வெறிச்சென்று இருக்கும்; அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து அதே இடத்தருகே மேலே வரும். பைனாகுலரை இடமும் வலமுமாக ஓட்டிக்கொண்டே இருந்தால் அத்தனையையும் தவறவிடுவீர்கள். பாறையோரமாக ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் பார்வையை நிறுத்துங்கள். ஈடர் வாத்து சிப்பியை ஓட்டோடு விழுங்கி இரைப்பையில் நொறுக்குவது, அதனால் சிப்பி அப்பிய பாறைகளை விட்டு அதிக தூரம் போகாது. அலை மோதி நுரைக்கும் இடத்திலேயே பாருங்கள்: நீலச்சாம்பலில் வெள்ளைக் கோடு போட்ட ஹார்லெக்வின் வாத்து அங்கேதான் இருக்கும். இந்தக் கரையின் மிக அழகான பறவை அதுதான்.

டெலஸ்கோப் இருந்தால் 30 மடங்குக்கு மேல் போகாதீர்கள். இந்தப் பருவத்தில் காற்றைவிடக் கடல் வெதுவெதுப்பாக இருக்கும் நாள்களில் நீர்ப்பரப்பின் மேல் காற்று நடுங்கும். பெரிதாக்கினால் அந்த நடுக்கமும் பெரிதாகும். முக்காலியின் கால்களைக் குறுக்கி, உட்கார்ந்து பாருங்கள். லென்ஸில் உப்புத்துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, உப்புப்பொடி கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

பாறையில் கறுத்த பட்டை தெரியும் இடத்துக்குக் கீழே காலே வைக்காதீர்கள். அது அலை ஏறி வரும் எல்லை. ஈரமானால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.

கேள்வி: ஸ்கோட்டர் என்ற கடல் வாத்துகள் எல்லாமே கறுப்பு. எப்படிப் பிரித்தறிவது? (வாசகி, நாஷுவா)

பதில்: ஆண்களிலிருந்து தொடங்குங்கள். நெற்றியிலும் பிடரியிலும் வெள்ளைத் திட்டு இருந்தால் சர்ஃப் ஸ்கோட்டர். அலகு நெற்றியோடு சேரும் இடத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் புடைப்பு இருந்தால் பிளாக் ஸ்கோட்டர். வெள்ளைச்சிறகு ஸ்கோட்டரின் சிறகில் வெள்ளைத் திட்டு உண்டு, நீந்தும்போது அது பெரும்பாலும் மறைந்திருக்கும். பறவை எழுந்து சிறகடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். மற்ற கடல் வாத்துகளைப் பிரித்தறிய மூழ்கும் விதமும் உதவும்: ஈடரும் நீள்வால் வாத்தும் சிறகை அரைகுறையாக விரித்தபடி மூழ்கும். கோல்டன்ஐ, மெர்கான்சர் வாத்துகள் இரண்டும் சிறகை ஒட்டவைத்துக்கொண்டு முங்கும்.

கேள்வி: ஈஸ்ட்ஹாம் மணலில் தட்டு அளவில் ஓர் ஆமை அசையாமல் கிடந்தது. தண்ணீரில் விட்டிருக்க வேண்டுமா? (வாசகர், ஷ்ரூஸ்பரி)

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அது பெரும்பாலும் கெம்ப்ஸ் ரிட்லி, நம் சென்னைக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையின் நெருங்கிய உறவு. கேப் காட் கொக்கிபோல் வளைந்திருப்பதால் தெற்கே போக வழி தெரியாமல் உள்ளே மாட்டிக்கொள்கிறது. நீர் சுமார் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் உடல் விறைத்துவிடும். பலத்த மேற்குக் காற்று அதைக் கரையில் ஒதுக்கும். திரும்பக் கடலில் விட்டால் மூழ்கிச் சாகும்.

அலை எட்டாத மேட்டுக்குத் தூக்கி வையுங்கள். உலர்ந்த கடற்பாசியால் மூடுங்கள், காற்று உடல்சூட்டை உறிஞ்சாமல் இருக்கும். தூரத்திலிருந்தே தெரியும்படி பக்கத்தில் ஒரு கட்டையை நட்டு, மாஸ் ஆடுபான் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் வெல்ஃபிளீட் பே சரணாலயத்தை அழையுங்கள். அதன் தொலைபேசி எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். காரில் ஏற்றிச் சூடு காட்டவே வேண்டாம்: சட்டப்படி தவறு, அதோடு திடீர்ச் சூடே உயிரை எடுத்துவிடும். மீட்பவர்கள் நாளுக்குச் சில டிகிரி என்று நிதானமாகத்தான் உடல்சூட்டை ஏற்றுகிறார்கள். செத்ததுபோல் கிடப்பவையும் பிழைத்திருக்கின்றன, அதனால் அசையவில்லை என்று விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.