சீலை மாற்றுகிறேன் என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு 36 வயது. வெள்ளவத்தையில் கணவர், மாமி, பத்து வயது மகளோடு இருக்கிறேன். இடுப்பையும் வயிற்றையும் அசைத்து ஆடுகிற ட்ரைபல் பெல்லி டான்ஸ் பழக ஆசை. ஆறு மாதமாக யூடியூப் பார்த்து அறைக்குள் ஆடுகிறேன், முன்னேற்றமே இல்லை. ஒருநாள் மகள் கதவைத் தட்டியபோது சீலை மாற்றுகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். இந்த வயதில், இந்த உடம்போடு தொடங்கலாமா?

பதில்: தங்கச்சி, வயதையும் உடம்பையும் பற்றி எத்தனையோ பேர் எழுதிக் கேட்டுவிட்டார்கள், அதை விடுங்கள். பிள்ளையிடம் சீலை மாற்றுகிறேன் என்றீர்களே, அது என்ன கதை? உள்ளே பாட்டுக் கேட்கிறது, பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்காதா? கடனையும் வருத்தத்தையும் பிள்ளைக்குக் காட்டாத அம்மாமாரை எனக்கு விளங்கும். ஆசைப்பட்டு ஒன்று பழகுவதைப் போய் ஒளிக்கலாமா? நாளைக்கு அவளும் தனக்குப் பிடித்ததை உங்களிடம் ஒளிப்பாள், அப்போது கோபப்பட உங்களுக்கு வாய் வராது.

முன்னேற்றம் இல்லாததற்கும் அந்தப் பூட்டிய கதவுதான் காரணம். இந்த ஆட்டத்தைத் தனியே ஆடி முழுதாகப் பழகவே முடியாது. 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் கரோலினா நெரிச்சியோ என்ற நடனக்காரி தொடங்கிய குழுவில் உருவான பாணி இது. முன்கூட்டியே அமைத்த ஆட்டம் கிடையாது. முன்னால் இடப்பக்கம் நிற்பவள் கையாலோ உடம்பைத் திருப்பியோ ஒரு சைகை காட்டுவாள், பின்னால் நிற்பவர்கள் அதைப் பிடித்து அவளோடு சேர்ந்தே அடுத்த அசைவுக்குப் போவார்கள், பிறகு இடம் மாறி இன்னொருத்தி முன்னால் வருவாள். கண்ணாடியைப் பார்த்து ஆடினால் இதில் எது பழகும்?

அதனால் இரண்டு மூன்று பேரைச் சேருங்கள், பிள்ளைகளை நடன வகுப்புக்குக் கூட்டிவந்து வாசலில் காத்திருக்கிற அம்மாமாரிடமே கேட்டுப் பாருங்கள். முதலில் நிற்கப் பழகுங்கள்: முழங்கால் இளகி, இடுப்பு முன்னும் பின்னும் தள்ளாமல், நெஞ்சு உயர்ந்து. கையைத் தொய்யவிடாமல் பிடிக்கவே வாரக்கணக்காகும், தோள் நோகும், நோகட்டும். பிறகு இடுப்பில் எட்டுப் போடுகிற தக்ஸீம், உடம்பை அலைபோல் எடுக்கும் அசைவு, இடுப்பை விடாமல் குலுக்குகிற ஷிம்மி. கைத்தாளத்தை, ஸில் என்பார்கள், கைக்கு இரண்டாக இலாஸ்டிக் கோர்த்துப் பெருவிரலிலும் நடுவிரலிலும் மாட்டி வலம்-இடம்-வலம் என்று அடித்துக்கொண்டே வீட்டுக்குள் நடவுங்கள். இந்த ஆட்டத்துக்கு உடுக்கிற பத்து யார், இருபத்தைந்து யார் விரிவுள்ள பாவாடையெல்லாம் இப்போது வாங்கவேண்டாம்.

மாமியிடமும் கணவரிடமும் நீங்களே சொல்லுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை, ஆனால் ஒரு வீட்டில் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாமல் ஆறு மாதம் ஒன்றைச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை, பெரியவர்களுக்கு அந்த மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். ட்ரைபல் என்ற பேரை வைத்து, ஏதோ பழங்காலச் சடங்கு ஆட்டம் என்று மாமியிடம் அளந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பல நாட்டு ஆட்டங்களைச் சேர்த்து உண்டாக்கியது, மேலே போடுகிற சோளி நம்முடைய சட்டைதான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். வயிறு தெரிவதுதான் அவருக்குக் குறை என்றால் மூடிக்கொண்டு ஆடுங்கள், ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

இன்றைக்குக் கதவைத் திறந்து வையுங்கள். மகள் வந்து எட்டிப் பார்த்தால் பாட்டை நிறுத்தாமல், உங்களுக்குப் பின்னால் கொஞ்சம் வலப்பக்கமாக வந்து நிற்கச் சொல்லுங்கள்.