மேசையில் பெய்த மழை

அன்புள்ள அக்காவுக்கு,

ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஏ.எல். முடித்துவிட்டு டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாக நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போகும் மேசை விளையாட்டை விளையாடுகிறோம். விதிகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் கதை முழுக்கத் தமிழில்தான். நான்தான் டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துகிறவன்.

இந்த முறை புத்தகத்தில் உள்ள கதையை எடுக்காமல் நானே ஒரு உலகம் உண்டாக்கினேன். பனி மூடிய மலைநாடு. எல்ஃப் பிரபுக்கள் அங்கே ஒரு மந்திரச் செடி வளர்க்கிறார்கள். அதில் கொழுந்து எடுக்கக் கடல் தாண்டிக் கொப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களைக் கூட்டி வருகிறார்கள். கடன், சாட்டை, வழியில் சாவு எல்லாம் உண்டு. நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த கதைதான், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடுமையான விசயம் என்பதால் தொடங்குமுன் எல்லோரிடமும் கேட்டேன். சரி என்றார்கள். அந்த இடங்களில் ஒரு பிரச்சினையும் வரவில்லை.

ஐந்தாவது வாரம், மூன்று நாள் விடாமல் மழை பெய்து, காலையில் மலை இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை மூடுகிற மாதிரி ஒரு காட்சி வைத்தேன். நன்றாகத்தான் சொன்னேன் அக்கா, சத்தமெல்லாம் போட்டு. எங்களோடு விளையாடும் ஒரு தங்கச்சி எழும்பி வெளியே போனாள். அதற்குப் பிறகு வரவே இல்லை. அவளுக்குக் கொஸ்லந்தைப் பக்கம் சொந்தம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது குழுவில் இரண்டு பேச்சு. இருட்டெல்லாம் வேண்டாம், டிராகனை வெட்டினால் போதும் என்கிறார் ஒருவர். நம் கதையை நாமே சொல்லாவிட்டால் யார் சொல்வது, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கதையில் என்ன இருக்கிறது என்கிறார் இன்னொருவர். உங்கள் கதைகளிலும் சாவு வருகிறது. நீங்கள் யாரிடமும் கேட்டு எழுதவில்லையே?

ஒரு வாசகர், ஹட்டன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மைதான், நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை. வாசிப்பவருக்குத் தாங்கவில்லையென்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போகலாம். ஆறு மாதம் கழித்துத் திறக்கலாம், திறக்காமலே விடலாம். அந்த நம்பிக்கையில்தான் தனியாக உட்கார்ந்து எதையும் எழுத முடிகிறது.

ஆனால் ஒரு முறை, பல வருடங்களுக்கு முன், ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் என் கதையொன்றை நானே வாசித்தேன். ஸ்டேஷனில் ஒரு குடும்பம் பிரியும் கதை. பாதி பேருக்கு இந்தியா, பாதி பேருக்கு இங்கே. பின்வரிசையில் ஒரு அம்மா எழும்பி வெளியே போவதைப் பார்த்தேன். பார்த்தும் வாசித்து முடித்தேன். கூட்டம் முடிந்து வந்தால் அவர் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "அந்தக் கோச்சியிலதான் எங்கக்கா போனா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கையில் மூடிவைக்கப் புத்தகம் இருக்கவில்லை. நான் வாசிக்க வாசிக்க அது அவர் மேல் விழுந்துகொண்டே இருந்தது.

உங்கள் மேசை அந்த மண்டபத்தை விடவும் நெருக்கமானது. என் அக்கா பிள்ளைகளோடு நானும் சில மாதம் விளையாடியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது. ஒருவர் உலகத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள், நினைத்தது நடக்குமா என்பதை டைஸ் சொல்லும். கதையைக் கேட்கிறவர் என்று அங்கே யாருமில்லை. மலை இறங்குகிறது என்று சொல்லிவிட்டு நீங்கள் அந்தத் தங்கச்சியைப் பார்த்து அடுத்து என்ன கேட்டிருப்பீர்கள்? "நீ என்ன செய்கிறாய்?" இதுதானே விளையாட்டின் கேள்வி. என் கதையைக் கேட்ட அம்மாவிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நீங்கள் அவளைச் சேற்றுக்குள் நிறுத்திக் கேட்டிருக்கிறீர்கள்.

குற்றம் சொல்லவில்லை தம்பி. முதலிலேயே கேட்டேன் என்கிறீர்கள், நிறையப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் எதைப் பற்றிக் கேட்டீர்கள்? சாட்டை, கடன், வழியில் சாவு. உங்களுக்கு எது இருட்டாகத் தெரிந்ததோ அதைப் பற்றி. மண்சரிவு உங்கள் பட்டியலில் இல்லை, அது உங்களுக்கு வானிலை, டிராகனுக்கு முந்தைய ஒரு பரபரப்பு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நீங்களும் சின்ன வயதில் ரிவியில் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்களுக்கு அது செய்தியாக நின்றுவிடும். சொந்தம் இருந்தவர்களுக்கு, ஒவ்வொரு ஐப்பசியிலும் தகரத்தில் மழை விழும்போது வயிறு கலங்கும்.

இப்படி விளையாடுகிறவர்கள் இந்தச் சிக்கலை நெடுநாளாக யோசித்து வந்திருக்கிறார்கள். ரான் எட்வர்ட்ஸ் என்பவர் 2003இல் ஒரு எளிய பிரிப்பைச் சொன்னார்: கோடு, திரை. கோடு என்றால் அந்த விசயம் நம் கதைக்குள் வரவே வராது. திரை என்றால் கதையில் நடக்கலாம், விவரித்துக் காட்டமாட்டோம், அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். பிள்ளைகளுக்கு நேரும் கொடுமை பல மேசைகளில் கோட்டுக்கு அப்பால். சித்திரவதை பெரும்பாலும் திரைக்குப் பின்னால். அப்புறம் 2013இல் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் எக்ஸ் கார்டைக் கொண்டுவந்தார். ஒரு அட்டையில் எக்ஸ் எழுதி மேசை நடுவில் வைப்பது. தாங்காதவர் அதைத் தொட்டால் அந்த விசயம் அப்போதே கதையிலிருந்து நீங்கும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விதிதான். காரணம் சொல்ல வேண்டியிருந்தால் உங்கள் தங்கச்சி கொஸ்லந்தையைப் பற்றி ஐந்து பேருக்கு முன்னால் பேச வேண்டியிருந்திருக்கும். எழும்பிப் போனதற்குப் பதிலாக அட்டையைத் தொட்டிருந்தால் அன்றைக்கு மலை நின்றிருக்கும், அவளும் இருந்திருப்பாள்.

ஆனால் அட்டையை அப்படியே கொண்டுவந்து வைத்தால் நம் இடத்தில் வேலை செய்யுமா? எனக்கு அதில் சந்தேகம் உண்டு. உங்கள் மேசையில் நீங்கள் அண்ணன். அண்ணன் இரண்டு கிழமை உட்கார்ந்து தயார் செய்த கதையை ஒரு தங்கச்சி எல்லோர் முன்னாலும் கை நீட்டி நிறுத்துவாளா? "பரவாயில்லை அண்ணா" என்பாள். வாத்தியாரிடமும் கங்காணியிடமும் பெரியப்பாவிடமும் பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். நீங்கள் முதலில் கேட்டபோது வந்த "சரி"களில் எத்தனை உண்மையான சரி என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்காது. அதனால் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுங்கள், பெயர் எழுதாமல் வேண்டாததை எழுதி ஒரு டப்பாவில் போடட்டும். அல்லது ஒவ்வொருவருக்கும் தனியாக வட்ஸ்அப்பில் கேளுங்கள். விளையாட்டு நடக்கும்போது முதல் ஆளாக நீங்களே அட்டையைத் தொடுங்கள், சின்ன விசயத்துக்காக என்றாலும் பரவாயில்லை. அண்ணன் தொட்டதைப் பார்த்தால்தான் தங்கச்சியின் கை நீளும். இடையில் பிளேன்டீக்கு எழும்பும்போது முகங்களைப் பாருங்கள். நன்றாகப் பேசுகிறவர் திடீரென்று டைஸை மட்டும் உருட்டத் தொடங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது.

முன்கூட்டியே சொன்னால் கதையில் என்ன இருக்கிறது என்று கேட்ட நண்பரிடம், மாசி மாதம் காமன் கூத்துப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். காமன் எரியப் போகிறான் என்பது அந்தப் பொட்டலில் நிற்கும் குழந்தைக்கும் தெரியும். ரதி போகாதே என்று தடுப்பாள், அவன் போவான், சிவன் கண் திறப்பார். வருடாவருடம் இதேதான். ரதியாக வேசம் கட்டியிருப்பது பக்கத்து லயத்து ஆம்பிளை என்பதும் தெரியும். ஆனாலும் அவர் ஒப்பாரி எடுக்கும்போது கிழவிகள் முந்தானையால் முகம் துடைக்கிறார்கள். எங்கள் அப்பாயி அந்த ஒப்பாரிக்குள் தன் செத்துப்போன பிள்ளையையும் சேர்த்துத்தான் அழுவார். அழவென்றே போவார். தாங்காத வருடம் போகமாட்டார், வீட்டிலேயே இருந்துகொள்வார். என்ன வரும் என்று தெரிந்திருந்ததால்தான் அவரால் அப்படித் தீர்மானிக்க முடிந்தது. "இந்தக் கதையில் ஒரு மண்சரிவு வரும்" என்று நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தால் கதையில் ஒன்றும் குறைந்திருக்காது. எப்போது, எங்கே, யாருக்கு என்பதெல்லாம் உங்கள் கையில்தானே இருக்கிறது.

இருட்டு வேண்டாம், டிராகன் போதும் என்கிற நண்பரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் டிராகனை வெட்ட விரும்புவது நியாயம். ஆனால் நீங்கள் எடுத்திருக்கும் கதையை விடவேண்டாம் என்றே நான் நினைக்கிறேன். அதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. நம் ஆட்களை ஏன் கொப்ளின் ஆக்கினீர்கள்?

2022இல் அந்த விளையாட்டின் ஸ்பெல்ஜாமர் புத்தகத்தில் ஹடோசி என்று ஒரு குரங்கினம் வந்தது. ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவூட்டி, விற்கப் பார்த்தான் என்பது அவர்களின் பழங்கதை. அவர்களை விடுவித்தது யார்? மந்திரவாதியின் சீடர்கள். கறுப்பின மக்களின் அடிமை வரலாற்றைக் குரங்குகளுக்கு மாட்டிவிட்டீர்களே என்று விளையாடுகிறவர்களே கேட்டார்கள். வெளியிட்ட நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. அடிமைத்தனத்தைச் சொன்னது அங்கே தவறாகவில்லை. அடிபட்டவர்களுக்கு எந்த உடம்பைக் கொடுத்தார்கள், விடுதலையை யார் கையில் கொடுத்தார்கள் என்பதில்தான் தவறு. உங்கள் கொப்ளின்களைப் பார்த்து ஏதாவது ஒரு பாத்திரம் "காட்டான்" என்று சொல்லி மேசையில் சிரிப்பு வந்ததா? தோட்டக்காட்டான் என்று நம்மைச் சொன்னவர்களின் சிரிப்பு அது. அந்த மலைக்கு வருகிறவர்கள் மனிதர்களாக இருக்கட்டும். பெயர் இருக்கட்டும், சண்டைக்காரக் கிழவி இருக்கட்டும், பொய் சொல்கிற கொழுந்தன் இருக்கட்டும். விளையாடுகிறவர்களில் பாதிப் பேராவது அவர்களாகவே இருக்கட்டும், வெளியிலிருந்து மீட்க வருகிற வீரர்களாக அல்ல.

சாட்டையையும் கொஞ்சம் குறைக்கலாம். நம் வரலாற்றில் அதைவிடப் பயங்கரமானவை கடதாசியில் இருக்கின்றன. துண்டு முறையை எடுங்கள்: ஒரு தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு. அடுத்த தோட்டம் அந்தக் கடனை ஏற்றால்தான் ஆள் நகர முடியும், கடனும் அவர் கூடவே நகரும். உங்கள் விளையாட்டில் ஒவ்வொருவரிடமும் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாள் இருக்குமே, அதன் மூலையில் ஒரு கடன் எண்ணை எழுதிவையுங்கள், அது மட்டும் ஒருபோதும் குறையாமல் இருக்கட்டும். அல்லது 1948. ஒரு குடியுரிமைச் சட்டம் வருகிறது, நேற்றுவரை இந்த ஊர்க்காரராக இருந்தவர் இன்று எந்த ஊர்க்காரரும் இல்லை. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு பிரதமர்களும் கையெழுத்திடுகிறார்கள்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். ஒரு எழுதுவினைஞர் மேசைக்கு வந்து, விளையாடுகிறவர்களின் தாள்களை வாங்கி, "சொந்த ஊர்" என்ற வரியைப் பேனையால் வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஒரு சொட்டு இரத்தம் வேண்டாம். ஆனால் இதற்கும் முதலில் கேளுங்கள். உங்கள் ஆறு பேரில் யாருடைய அப்பாயி அந்தக் கோச்சியில் போனார் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது.

சரி, இப்போது என்ன செய்வது? ஸ்கிரிப்ட் சேஞ்ச் என்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் நடந்த காட்சியைப் பின்னோக்கிச் சுற்றி மாற்றிவிடலாம். என்னால் அச்சான கதையில் அதைச் செய்ய முடியாது, உங்களால் முடியும். அந்தத் தங்கச்சி வீட்டுக்கு ஒரு நாள் போங்கள். ஏன் போனாய் என்று கேட்க வேண்டாம், கொஸ்லந்தை என்ற பெயரையும் எடுக்க வேண்டாம். அந்த மழை கதையில் பெய்யவே இல்லை, லயம் அப்படியே இருக்கிறது, உன்னுடைய பாத்திரம் அன்றைக்குக் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள். வருவதும் வராததும் அவள் விருப்பம். வராவிட்டாலும் மழை பெய்யவில்லை என்பது அப்படியே இருக்கட்டும்.

சித்திரை விடுமுறைக்கு நான் ஹட்டன் வருவேன். ஏழாவது கதிரை போட இடமிருந்தால் எழுதுங்கள். அந்தச் சண்டைக்காரக் கிழவியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா